வியட்நாம் போகிறீர்களா? சைபரை எண்ணிக் கொடுங்கள்

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் விட்டார்கள். நூல் வியாபாரத்துக்காக நான் வியட்நாம் போய்வருகிற விஷயம் அதுவரை திருப்பூரில் நாலு பேருக்குத்தான் தெரியும். இப்போது சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள், பையனின் வகுப்புத் தோழனுடைய அப்பா என்று ஆளாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். “பொம்பளப் புள்ளைங்கள கூட்டிட்டுப் போறோம், பயமில்லையே?” “சாப்பாட்டுக்கு என்ன பண்றது?”

முதல் கேள்விக்கு என் பதில்: ராத்திரி பத்து மணிக்குக் குடும்பத்தோடு தெருவில் நடக்கலாம். கத்தியைக் காட்டி மிரட்டிப் பிடுங்குவது அங்கே அபூர்வம். ஆனால் பர்ஸ் இளைக்க வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசி, விலை பேசும்போது எதையோ பேசாமல் விட்டதால் வருவது. எத்தனை சைபர், ஆளுக்கா மொத்தமா, அந்த ஊர்ப் பணமான டாங்கா டாலரா என்று முதலிலேயே வாய்விட்டுக் கேட்டுவிட்டால் வியட்நாமியர்கள் நேர்மையாகவே நடந்துகொள்கிறார்கள் என்பது என் அனுபவம். உயிருக்கு ஆபத்து என்றால் அது சாலையில். இந்த இரண்டைப் பற்றித்தான் நிறைய எழுதப்போகிறேன். மற்றதெல்லாம் போகிற போக்கில்.

விசாவைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரைக்கும் தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் விஎன்’ என்று முடியும். கூகுளில் தேடினால் முன்னால் வந்து நிற்பவற்றில் பல, ஏஜென்சிகளின் தளங்கள்; பார்வைக்கு அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கட்டணம் மட்டும் இரண்டு மடங்கு மூன்று மடங்கு. நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல், பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் சிலருக்குக் காலியாக இருக்கும், சிலருக்கு அங்கே அப்பா பெயர் இருக்கும், சிலருக்கு இனிஷியல் மட்டும். புகைப்படம் இருக்கும் பக்கத்தின் அடியில் கோண அடைப்புகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே விசாவிலும் வர வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் புதிதாக விண்ணப்பித்து மறுபடி பணம் கட்ட வேண்டியதுதான். முதலில் கட்டியது திரும்பாது. மூன்று வேலை நாள் என்று சொல்வார்கள். இரண்டு வாரம் முன்னாலேயே போட்டு, வந்ததை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபூ குவோக் தீவுக்கு நேராகப் போய் அங்கேயே இருந்து திரும்புகிறவர்களுக்கு 30 நாள் வரை விசாவே வேண்டாம்.

இனி பணம். அந்த ஊர்ப் பணம் டாங். நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் கிடைக்கிறது. டாக்சியில் உட்கார்ந்துகொண்டு இதை மனக்கணக்காகப் போட முடியாமல் எல்லோரும் திணறுவார்கள். எளிய வழி இருக்கிறது. கடைசி மூன்று சைபரை விட்டுவிடுங்கள், மிச்சத்தை மூன்றால் பெருக்குங்கள், மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 50,000 டாங் என்றால் ஐம்பது, மூன்றால் பெருக்கினால் 150, கொஞ்சம் சேர்த்தால் 165 ரூபாய். அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்களும் மூன்று சைபரைச் சொல்வதே இல்லை. காபி எவ்வளவு என்று கேட்டால் “முப்பது” என்பார்கள். முப்பதாயிரம் என்று நீங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆயிரத்துக்குக் காற்புள்ளி போட மாட்டார்கள், புள்ளிதான் வைப்பார்கள். ஹோட்டல் பில்லில் 1.500.000 என்று இருந்தால் பதினைந்து லட்சம் டாங், அதாவது நம் கணக்கில் ஐயாயிரம் ரூபாய். நாணயம் புழக்கத்தில் இல்லை, எல்லாமே நோட்டு.

இந்த நோட்டுகளில்தான் விஷயமே இருக்கிறது. பத்தாயிரத்திலிருந்து மேலே எல்லாம் வழவழப்பான பிளாஸ்டிக் நோட்டு. எல்லாவற்றிலும் முன்பக்கம் அவர்களின் தேசத் தலைவர் ஹோ சி மின் தாத்தா முகம். 20,000 டாங் நோட்டு நீலம். ஆகப் பெரிய நோட்டான 5 லட்சமும் நீலம், கொஞ்சம் பச்சை கலந்த நீலம். பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மழை பெய்யும் ராத்திரி, மஞ்சள் விளக்கு, டாக்சிக்காரர் இன்ஜினை அணைக்காமல் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார், பின்சீட்டில் குழந்தை அழுகிறது என்றால் தெரியாது. 65 ரூபாய் பெறுமானமுள்ளதைக் கொடுப்பதாக நினைத்து 1,650 ரூபாய் பெறுமானமுள்ளதைக் கொடுத்திருப்பீர்கள். நோட்டைத் திருப்பிப் பார்த்தால் அடையாளம் சுலபம். 20,000 நோட்டின் பின்பக்கம் ஹோய் ஆன் ஊரின் கூரை போட்ட பாலம். 5 லட்சத்தின் பின்பக்கம் ஹோ சி மின் பிறந்த ஊரின் வீடு. நீளத்திலும் 5 லட்சம் கொஞ்சம் பெரிசு. ஆனால் அவசரத்தில் யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள்? என் வழக்கம், 5 லட்சம் நோட்டுகளைப் பர்ஸில் வைப்பதே இல்லை. அவை சட்டையின் உள்பையில், தனி உறையில். பர்ஸில் நீலமாக எந்த பிளாஸ்டிக் நோட்டு வந்தாலும் அது இருபதாயிரம்தான். வீட்டுப் பெண்களிடமும் இதையே சொல்லிவிடுங்கள், அப்புறம் சண்டை வராது.

நம் ரூபாயை அங்கே மாற்றுவது கஷ்டம், மாற்றினாலும் விலை அடிமாட்டு விலை. இங்கேயே டாலராக மாற்றிக்கொண்டு போங்கள். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை ரொக்கமாக எடுத்துப் போக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. டாலர் நோட்டு மடிப்பில்லாமல், கிறுக்கல் இல்லாமல் இருக்க வேண்டும். ஓரம் கிழிந்திருந்தால் விலையைக் குறைப்பார்கள், அல்லது கையை ஆட்டிவிடுவார்கள். 100 டாலர் நோட்டுக்குக் கிடைக்கும் விலை சில்லறை நோட்டுகளுக்குக் கிடைப்பதில்லை. நகைக் கடையில் நல்ல விலைக்கு மாற்றித் தருவார்கள் என்று யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் லைசென்ஸ் உள்ள கடையாக இருக்க வேண்டும். 2018இல் கான் தோ நகரத்தில் ஒருவர் லைசென்ஸ் இல்லாத நகைக் கடையில் ஒரே ஒரு 100 டாலர் நோட்டை மாற்றினார் என்று 9 கோடி டாங் அபராதம் போட்டார்கள். ஊரே கொதித்ததில் பிறகு தள்ளுபடி செய்தார்கள். அவர் உள்ளூர்க்காரர்; உங்களுக்காக எந்த ஊர் கொதிக்கும்? வங்கிக்குப் போங்கள், அல்லது விமான நிலையத்திலேயே நாலு கவுன்ட்டர் விசாரித்து மாற்றுங்கள். 5,000 டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

ஏடிஎம் எங்கும் உண்டு. பலவற்றில் ஒரு தடவைக்கு 20, 30 லட்சம் டாங்தான் வரும், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம். மெஷின் “உங்கள் ரூபாயிலேயே கழித்துக்கொள்ளட்டுமா” என்று அக்கறையாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள்; அந்த மாற்று விலை உங்கள் வங்கி தருவதைவிட மோசமாக இருக்கும். பெரிய கடைகளில் கார்டு எடுத்துக்கொள்வார்கள். தள்ளுவண்டியில்கூட க்யூஆர் அட்டை தொங்கும், ஆனால் அது அந்த ஊர் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கானது. ஜிபே பழக்கத்தில் பர்ஸ் இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள்.

முதலில் சொன்னேனே, பேசாமல் விட்டது என்று. அதற்கு ஒரு உதாரணம். என் மைத்துனர் குடும்பம் ஹனோயில் சைக்ளோ ஏறியது. சைக்ளோ என்றால் பயணி முன்னால் உட்கார, ஓட்டுகிறவர் பின்னாலிருந்து மிதிக்கும் ரிக்‌ஷா. இரண்டு வண்டி பிடித்தார்கள். பழைய நகரத்தை ஒரு சுற்றுச் சுற்ற இருநூறு என்று ஓட்டுகிறவர் இரண்டு விரலைக் காட்டினார். இவரும் தலையை ஆட்டினார். இறங்கியதும் ஆளுக்கு இருநூறு, நாலு பேருக்கு எண்ணூறு என்றார்கள். மைத்துனர் கத்த, அவர்கள் சிரிக்க, கடைசியில் ஐந்நூறில் முடிந்தது. ஏமாற்றினார்களா? ஏமாற்றினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஏறும் முன்பு போனில் கால்குலேட்டரைத் திறந்து 400,000 என்று தட்டி, இரண்டு வண்டிக்கும் சேர்த்து என்று கையால் வட்டம் போட்டுக் காட்டி, அதை அவர் பார்த்துத் தலையசைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எழுதிய எண்ணை அவர்கள் மாற்றிப் பேசி நான் பார்த்ததில்லை. “பதினைந்து” என்று வாயால் சொல்வது பதினைந்தாயிரம் டாங்காகவும் இருக்கும், பதினைந்து டாலராகவும் ஆகிவிடும்.

ஹனோயில் தெருவில் போகும்போதே ஒருவர் குனிந்து உங்கள் செருப்புக்குப் பசை போட ஆரம்பித்துவிடுவார். சைகோனில், அதாவது ஹோ சி மின் நகரத்தில், இளநீர்க்காரர் காவடித் தடியை உங்கள் தோளில் வைத்து “போட்டோ, போட்டோ” என்பார். போட்டோ எடுத்த கையோடு இளநீரைச் சீவிவிடுவார், அதற்கு ஒரு விலை. கூடையோடு வரும் அம்மாக்களும் அப்படித்தான். கேட்காமல் எதையும் தொட விடாதீர்கள், தொடாதீர்கள். சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் உறையில் ஈரத் துண்டு இருக்கும், சின்னத் தட்டில் வேர்க்கடலை இருக்கும். பிரித்தால் பில்லில் வரும். சில ஆயிரம் டாங்தான், பத்துப் பதினைந்து ரூபாய். இதற்கெல்லாம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

டாக்சிக்கு கிராப் செயலி, அல்லது பச்சை நீல மின்சாரக் கார்களான சான் எஸ்எம் செயலி. விலை முன்னாலேயே தெரிந்துவிடுவதால் பேச்சே இல்லை. தெருவில் கைகாட்டி நிறுத்துவதானால் மாய் லின், வினாசன் இரண்டும் நம்பலாம். அதே நிறம், அதே மாதிரி எழுத்து, ஒரு எழுத்து மட்டும் மாறிய பெயரோடு போலிகள் சுற்றும். மீட்டரில் 65.0 என்று காட்டினால் 65,000 என்று அர்த்தம். விமான நிலையத்துக்கு வெளியே “கிராப், கிராப்” என்று கூவி அழைப்பவர் கிராப் கிடையாது. கிராப்காரர் எதற்குக் கூவ வேண்டும்? வண்டி எண்ணைச் செயலியில் பார்த்து ஏறுங்கள். இன்னொன்று, 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் 63 மாகாணங்களை 34 ஆக்கி, மாவட்டம் என்ற அடுக்கையே எடுத்துவிட்டார்கள். ஹோட்டல்காரர் தரும் முகவரியில் பழைய ‘டிஸ்ட்ரிக்ட் 1’ இருக்கும், மேப்பில் புது வார்டு பெயர் இருக்கும். இரண்டும் ஒன்றுதான், பதற வேண்டாம். வீட்டு எண் 15/3 என்று இருந்தால் 15ஆம் எண் சந்துக்குள் 3ஆம் எண் வீடு. அந்தச் சந்துக்குள் பெரும்பாலும் கார் போகாது, பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

சாலைக்கு வருவோம். வியட்நாமில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. நாம் பிறந்ததிலிருந்து ரோட்டில் இறங்குமுன் முதலில் வலது பக்கம் பார்த்துப் பழகியவர்கள். அங்கே இடது பக்கத்திலிருந்து வருவான். இதை விமானத்தில் போகும்போதே மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிக்கொள்ளுங்கள். மோட்டார் பைக்குகள் நடைபாதையிலும் வரும், ஒருவழிப் பாதையில் எதிரேயும் வரும், அதனால் இரண்டு பக்கமும் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

சைகோனில் பென் தான் மார்க்கெட் எதிரே ரோட்டைக் கடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்காத பைக் கூட்டம், முடிவே தெரியாது. இடைவெளி வரட்டும் என்று காத்திருந்தால் சாயங்காலம் வரை நிற்கலாம். முதலில் பஸ், லாரி, கார் வருகிறதா என்று பாருங்கள். அவற்றுக்கு வழிவிட்டே ஆக வேண்டும், அவை உங்களைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. பைக்குகள் மட்டும்தான் என்றால், வருகிறவர்களின் பக்கம் முகத்தைத் திருப்பி, கையைக் கொஞ்சம் தாழ்த்தி நீட்டிக் காட்டிக்கொண்டு, இறங்கி நடங்கள். மெதுவாக, ஒரே வேகத்தில். முதல் பைக் உங்கள் முழங்காலுக்கு ஒரு அடி தள்ளிப் போகும், அடுத்தது முதுகுக்குப் பின்னால் போகும். ஓட்டுகிறவர்கள் உங்கள் அடுத்த அடி எங்கே விழும் என்று கணக்குப் போட்டுத்தான் வளைக்கிறார்கள். நீங்கள் திடீரென்று நின்றாலோ, பயந்து பின்வாங்கினாலோ, “ஐயோ” என்று ஓடினாலோ அந்தக் கணக்கு தப்பிவிடும். குடும்பமாகப் போனால் சங்கிலி மாதிரி கைகோத்து நீளமாக நடக்காதீர்கள். வண்டி வரும் திசையிலிருந்து பார்த்தால் ஒருவர் பின்னால் ஒருவர் மறைந்திருக்கும்படி, நெருக்கமாக, சேர்ந்து கடக்க வேண்டும். முடியவில்லையா, வெட்கப்படாமல் ஒரு உள்ளூர்ப் பாட்டியின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளுங்கள். கூட்டிப்போய்க் கரை சேர்த்துவிடுவார்.

போன் பறிப்பு சைகோனில் உண்டு. நடைபாதை ஓரத்தில் நின்று ஒரு கையில் போனைப் பிடித்து மேப் பார்க்கிறவர்தான் குறி. பைக்கில் வருகிறவன் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டு போய்விடுவான். மேப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது கடைக்குள் இரண்டு அடி தள்ளி நின்று, ரோட்டுக்கு முதுகைக் காட்டிப் பாருங்கள். கைப்பை ரோட்டுப் பக்கம் தொங்கக் கூடாது. பையின் வாரை உடம்புக்குக் குறுக்காக மாட்டியிருந்தால், பிடித்து இழுக்கும்போது ஆளையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிடும்; பணம் போனால் போகிறது, இடுப்பு எலும்பு முக்கியம். தாலிச் சங்கிலியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஹோட்டல் லாக்கர் இருக்கிறது.

வடக்கே ஹா யாங் மலைப்பாதையில் பைக் ஓட்டுவது இப்போது இளைஞர்களிடம் பெரிய மோகம். காட்சி உலக அழகு, மறுக்கவில்லை. ஆனால் நம்மூர் ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படியானதை. வாடகைக் கடைக்காரர் எதையும் கேட்காமல் வண்டியைத் தந்துவிடுவார். அவர் தந்துவிட்டார் என்பதற்காக நீங்கள் லைசென்ஸ் உள்ளவர் ஆகிவிட மாட்டீர்கள். போலீஸ் பிடித்தால் அபராதம். விழுந்து கால் ஒடிந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி லைசென்ஸ் எங்கே என்பதுதான். 2025 ஜனவரி முதல் அபராதங்களை ஏகத்துக்கு உயர்த்திவிட்டார்கள். சிவப்பு விளக்கை மீறும் பைக்குக்கு 40 முதல் 60 லட்சம் டாங், அதாவது பதின்மூன்றாயிரம் ரூபாயிலிருந்து இருபதாயிரம் வரை. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு அளவு என்று ஒன்றே இல்லை, ஒரு பீர் குடித்திருந்தாலும் குற்றம். உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. அதில் போய் இரண்டு கையாலும் போட்டோ எடுங்கள்.

சரி, சாப்பாடு. அசைவக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சைவக்காரர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. மீன் சாறு, நம் ஊரில் உப்பு போடுகிற இடத்தில் எல்லாம் அங்கே இருக்கும். ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் கடையில் “கறி இல்லாமல் கொடுங்கள்” என்றால் எலும்பு கொதித்த அதே சாற்றில் கீரையைப் போட்டுக் கொடுப்பார்கள், அதை அவர்கள் தவறாகவும் நினைப்பதில்லை. பான் மீ ரொட்டியில் முட்டை மட்டும் என்று கேட்டாலும், கத்தியால் உள்ளே தடவும் பழுப்பு விழுது ஈரலில் செய்தது.

இதற்கு மருந்து அந்த நாட்டிலேயே இருக்கிறது. பௌத்தர்களின் சைவ உணவகங்கள். பலகையில் சி, எச், ஏ, ஒய் என்ற நாலு எழுத்து இருந்தால் நம்பி நுழையலாம், ‘சாய்’ என்பார்கள். மீன் சாறு கிடையாது, கோயிலை ஒட்டிய சில கடைகளில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். தட்டில் இறால் மாதிரியே, பன்றி மாதிரியே ஏதாவது இருந்தால் மிரளாதீர்கள், சோயாவில் செய்த வேலை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஏராளமான வியட்நாமியர்கள் சைவம் சாப்பிடுவார்கள். அதாவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும் நாட்கள். வீட்டு நாட்காட்டியைப் பார்த்துப் பயணத் தேதியைக் குறித்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் அசைவக் கடைக்காரரே வாசலில் சைவ மேசை போட்டிருப்பார். மற்ற நாளில் “கறி, மீன், மீன் சாறு, எலும்புச் சாறு எதுவும் கூடாது” என்று வியட்நாமிய எழுத்தில் போனில் சேமித்து வைத்துக் காட்டுங்கள். உச்சரித்துப் பார்க்க வேண்டாம். ஒரே அசைக்கு ஆறு ராகம் இருக்கும் மொழி. நீங்கள் சைவம் என்று நினைத்துச் சொன்னது வேறு ஏதோவாகிவிடும்.

குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். நடுவில் ஓட்டையுள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் செய்வது, பயமில்லை. பாளத்திலிருந்து உடைத்துப் போட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காபி மட்டும் ஒரு நாள்கூட விடாதீர்கள். உலகத்தில் பிரேசிலுக்கு அடுத்து அதிகம் காபி விளைவது அங்கேதான். டம்ளர் மேல் வைத்த சின்ன ஃபில்டரிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். அடியில் கெட்டிப் பால். கும்பகோணத்துக்காரர் ஒருவர் என்னோடு வந்திருந்தார், முதல் வாயிலேயே வாதாடுவதை நிறுத்திவிட்டார்.

பழகும் விதம் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களின் பெயர் அங்கே இப்போது கொஞ்சம் கெட்டு வருகிறது. 2024இல் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் போயிருக்கிறார்கள். ஹோட்டல்காரர்களோடு பேசினால் சத்தம், பஃபேயில் டப்பாவில் அள்ளுவது, ஒரே அறையில் ஆறு பேர் என்று மூன்று புகார்கள்தான் திரும்பத் திரும்ப வரும். மூன்றும் உண்மை என்பதால் பதில் சொல்ல முடிவதில்லை.

பேரம் பேசலாம், மார்க்கெட்டில் பேசத்தான் வேண்டும். பென் தானில் சொல்லும் விலையில் பாதியிலிருந்து ஆரம்பிக்கலாம், சிரித்துக்கொண்டே. ஆனால் காலையில் கடை திறந்ததும் போய் நின்று, நாலு துணியைப் பிரிக்கச் சொல்லி, அடித்துப் பேசிவிட்டு, வாங்காமல் வந்துவிடாதீர்கள். நம் போணி நம்பிக்கை அவர்களுக்கும் அப்படியே இருக்கிறது. முதல் ஆள் வாங்காமல் போனால் அன்றைய வியாபாரமே கெட்டது என்று நினைப்பார்கள். ஒரு கடைக்கார அம்மா காகிதத்தைக் கொளுத்திக் கடையைச் சுற்றிக் காட்டித் திருஷ்டி கழித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வாங்குவதாக இருந்தால் காலையில் போங்கள், முதல் போணிக்கு நல்ல விலையும் கிடைக்கும். வேடிக்கை பார்க்க மத்தியானம் போங்கள்.

குரலை உயர்த்தினால் காரியம் நடக்காது. நாலு பேர் முன்னால் ஒருவரைத் திட்டுவது அங்கே பெரிய அவமானம், திட்டியவருக்கும் சேர்த்து. அறையில் ஏசி ஓடவில்லை என்று கத்தினால் வரவேற்பில் இருக்கும் பெண் சிரிப்பாள். அது கேலி இல்லை, சங்கடம். தணிந்த குரலில் மறுபடி சொன்னால் அறையையே மாற்றித் தருவாள். நம் தலையாட்டல் அவர்களுக்குப் புரிவதே இல்லை, ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் திறந்த உள்ளங்கையைப் பல்பைத் திருகுவது போல ஆட்டினால் “இல்லை” என்று அர்த்தம். போய்வா என்று கையசைப்பதாக நினைத்துப் பதிலுக்கு நாமும் அசைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஆளைக் கூப்பிட உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைக்க வேண்டும், விரலை மேல்நோக்கி வளைத்துக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. பணமோ கார்டோ இரண்டு கையால் கொடுத்து வாங்கினால் முகம் மலரும். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றும் தோற்றம். வீட்டுக்குள்ளும் ஸ்லீப்பர் பஸ்ஸிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். பஸ்ஸில் அதைப் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பை தருவார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை.

ஹனோயில் ஹோ சி மின் உடல் வைத்திருக்கும் நினைவிடத்துக்குப் போவதானால் காலையில் மட்டும்தான், திங்களும் வெள்ளியும் கிடையாது, வருஷத்தில் சில மாதம் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். அரை டவுசர், கையில்லாத சட்டை கூடாது. உள்ளே தொப்பி, போட்டோ, பேச்சு எதுவும் கூடாது. கையைப் பாக்கெட்டில் விட்டிருந்தால்கூடக் காவலர் எடுக்கச் சொல்வார். அரசியல் ரீதியாக உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும் அதை வெளியே வந்து காபி குடிக்கும்போதும் பேசாதீர்கள்.

எப்போது போவது? நீளமான நாடு, ஒரு பதில் கிடையாது. அக்டோபர், நவம்பரில் நடுப்பகுதியில், அதாவது ஹுவே, ஹோய் ஆன், டானாங்கில் பேய் மழை. ஹோய் ஆன் தெருக்களில் படகு விடும் அளவுக்கு வெள்ளம் வரும். டிசம்பர், ஜனவரியில் ஹனோய் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். ஹா லாங் விரிகுடாவில் 2025 ஜூலையில் திடீர்ப் புயலில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட் எங்கே என்று பாருங்கள், வானிலை சரியில்லை என்று ரத்து செய்தால் பணத்துக்காக வாதாடாதீர்கள். டெட் புத்தாண்டு வாரத்தில் போகவே போகாதீர்கள். ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். பாதிக் கடை மூடியிருக்கும், ரயில் பஸ் டிக்கெட் கிடைக்காது.

போலீசுக்கு 113, தீயணைப்புக்கு 114, ஆம்புலன்சுக்கு 115. எடுப்பவர் வியட்நாமிய மொழியில்தான் பேசுவார் என்று வைத்துக்கொண்டு ஹோட்டல்காரரை விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். ஹோட்டலில் பாஸ்போர்ட்டை வாங்குவது போலீசில் பதிவு செய்ய. நகல் எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுங்கள் என்று கேளுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர் போலீசில் எழுதி வாங்கி, அப்புறம் ஹனோய் தூதரகம் அல்லது ஹோ சி மின் நகரத் துணைத் தூதரகம். அதற்குப் பிறகும் நாட்டைவிட்டு வெளியேற வியட்நாம் குடியேற்றத் துறையின் அனுமதி வாங்க வேண்டும், அதற்கே சில நாள் ஆகும். இ-சிகரெட்டுக்கு 2025 ஜனவரி முதல் தடை; பையன்களின் பையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிளம்பும்போது கையில் கொஞ்சம் டாங் மிஞ்சும். இங்கே கொண்டுவந்தால் மாற்றுவது குதிரைக்கொம்பு. பெரிய நோட்டுகளை அங்கேயே விமான நிலையத்தில் டாலராக மாற்றிவிடுங்கள், பணம் மாற்றிய ரசீது இருந்தால் கேள்வி வராது. ஆயிரம், இரண்டாயிரம், ஐயாயிரம் தாள்களை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். சைகோனில் ட்ரூங் தின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் குடியேறிய நம்மவர்கள் கட்டியது. இன்றைக்குக் கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும். கை நிறைய ஊதுபத்தியோடு வந்து, கற்சுவரில் நெற்றியை வைத்து முணுமுணுத்து வேண்டிக்கொள்கிறார்கள். விமானம் ராத்திரி என்றால் மத்தியானம் ஒரு எட்டுப் போய்வரலாம், டாக்சிக்காரரிடம் ‘சுவா பா அன்’ என்றால் தெரியும். சில்லறை நோட்டுகளை அங்கே உண்டியலில் போட்டுவிடுங்கள். போடுமுன் நீல பிளாஸ்டிக் நோட்டு ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.